மறுக்க முடியாத கட்டணம்

அனுப்புகிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் இன்னொருவர். குறுஞ்செய்தி உலகின் இந்த ஏற்பாடு நாட்டுக்கு நாடு புகாரில் போய் முடிந்தது ஏன்?

அஞ்சல்தலை ஒட்டாமல் பெட்டியில் போட்ட கடிதத்தை நம் அஞ்சல்துறை குப்பையில் போடுவதில்லை. உரியவர் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, குறைகிற கட்டணத்தைப் போல இரண்டு மடங்கைக் கேட்கும். ஊரில் இதைப் பேரிங் தபால் என்பார்கள். காசு கொடுத்தால் கடிதம் கைக்கு வரும். ‘வேண்டாம், எடுத்துப் போங்கள்’ என்றால் தபால்காரர் எடுத்துப் போய்விடுவார். அனுப்பியவரைத் தேடி வசூலிப்பது அஞ்சல்துறையின் பாடு. பதிப்பகங்கள் புத்தகம் அனுப்பிய வி.பி.பி. பார்சலும் இதே வழிதான். தொகை மேலேயே எழுதியிருக்கும். வேண்டுமென்றால் பணம் கட்டி வாங்கலாம், இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம். இன்னும் பின்னால் போனால், பிரிட்டனில் 1840 வரை கடிதத்துக்குப் பெரும்பாலும் பெற்றவர்தான் கட்டணம் கட்டினார். உறைமேல் ரகசியக் குறி போட்டு அனுப்புவார்கள். பெறுகிறவர் குறியைப் பார்த்துச் சேதி தெரிந்துகொண்டு, கடிதத்தை வாங்காமல் திருப்பிவிடுவார். நம் மிஸ்டு காலின் முப்பாட்டன் அது. ரோலண்ட் ஹில் 1837ல் எழுதிய சீர்திருத்தத் திட்டம் ஏற்கப்பட்டு, 1840 மே மாதம் ‘பென்னி பிளாக்’ அஞ்சல்தலை வந்த பிறகுதான் அனுப்புகிறவர் முன்னதாகவே கட்டணம் செலுத்தும் வழக்கம் நிலைத்தது.

ஆகவே, பெறுகிறவர் காசு கொடுப்பது கைபேசி கண்டுபிடித்த கொடுமை அல்ல; அதில் தன்னளவில் அநியாயமும் இல்லை. பழைய ஏற்பாட்டுக்கு நியாயம் சேர்த்தவை மூன்று. விலை முதலிலேயே தெரிந்தது. வாங்காமல் திருப்ப முடிந்தது. வசூலித்த அஞ்சல்துறைக்கு, கடிதத்துக்குள் என்ன விற்கப்படுகிறது என்பதில் பங்கு எதுவும் இல்லை. குறுஞ்செய்திக்கு இந்த ஏற்பாடு வந்தபோது காசு வாங்கும் வசதி மட்டும் வந்து சேர்ந்தது. மற்ற மூன்றும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. பிரிட்டன், அமெரிக்கா, இந்தியா என்று மூன்று நாடுகளின் அனுபவத்தையும் அடுக்கிப் பார்த்தால், சில பேராசைக்கார நிறுவனங்கள் கெடுத்துவிட்ட நல்ல யோசனையாக இது தெரியவில்லை. மறுக்க வழி வைக்காமல் கட்டணம் வசூலிக்கிற எந்த அமைப்பும் போய்ச் சேரும் இடத்துக்குத்தான் இதுவும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வந்து சேர்ந்தாலே காசு

1992 டிசம்பர் 3ஆம் தேதி நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர், வோடஃபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜார்விஸுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். உலகின் முதல் குறுஞ்செய்தி அது. 160 எழுத்துக்குள் அடங்கும் இந்தச் செய்திகள் ஓர் இடைநிலைக் கணினியில் போய்ச் சேர்ந்து, அங்கே காத்திருந்து, பெறுகிறவரின் போன் உயிரோடு இருக்கும் நேரம் பார்த்து உள்ளே இறங்கும். போனை அணைத்து வைத்தாலும் பயனில்லை. திரும்ப இயக்கியதும் வந்து நிற்கும். அழைப்பு வந்தால் எடுக்காமல் விடலாம், துண்டிக்கலாம். குறுஞ்செய்திக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லவே இல்லை. இலவசமாக வரும்வரை இது வசதி. வந்து சேர்ந்தாலே காசு என்று ஆனபோதுதான் இந்த வடிவமைப்பு பெறுகிறவரின் கையைக் கட்டிப்போட்டது.

கட்டணச் செய்திச் சேவை இயங்கும் விதம் எளிது. ரிங்டோன், ராசிபலன், கிரிக்கெட் ஸ்கோர், நகைச்சுவைத் துணுக்கு என்று எதையோ விற்கும் நிறுவனம் ஒன்று. அதற்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் நடுவே பாலமாக நிற்கும் இடைநிலை நிறுவனம் இன்னொன்று. காசை வசூலித்துத் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் தொலைபேசி நிறுவனம் மூன்றாவது. விளம்பரத்தில் வரும் ஐந்திலக்க எண்ணுக்கு வாடிக்கையாளர் ஒரு சொல்லை அனுப்புகிறார். அதன்பின் அந்த எண்ணிலிருந்து அவருக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு செய்திக்கும் அவர் கணக்கில் பணம் கழியும். அட்டை எண் கேட்பதில்லை, கடவுச்சொல் கேட்பதில்லை. எத்தனை செய்தி அனுப்புவது, எப்போது அனுப்புவது என்பதெல்லாம் விற்கிறவர் கையில். வாங்குகிறவர் செய்யக்கூடியது, ‘ஸ்டாப்’ என்று எழுதி அனுப்புவது மட்டும்; அதுவும் காசு போன பிறகு. விற்பவர், இடைநிலை நிறுவனம், தொலைபேசி நிறுவனம் ஆகிய மூவருக்கும் செய்தி போய்ச் சேர்வதில் வருமானம் இருக்கிறது. அதை நிறுத்துவதில் லாபம் உள்ளவர் ஒருவர்தான். அவர் கையில்தான் எந்தக் கருவியும் இல்லை.

தவளையும் தண்டமும்

பிரிட்டன் இதை முதலில் முழுமையாக அனுபவித்தது. ஜெர்மனியில் தொடங்கிய ஜாம்பா என்ற ரிங்டோன் நிறுவனத்தை 2004ல் அமெரிக்காவின் வெரிசைன் 27.3 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஜாம்ஸ்டர் என்ற பெயரில் அது விற்ற ‘கிரேஸி ஃபிராக்’ ரிங்டோனின் விளம்பரம் 2005ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிகளில் இடைவிடாமல் ஓடியது. அந்தத் தவளையின் பாட்டு இசைத்தட்டாக வந்து விற்பனைப் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. ஒரு ரிங்டோன் வாங்குகிறோம் என்று நினைத்துச் செய்தி அனுப்பிய பலர், உண்மையில் சந்தாவில் சேர்ந்திருந்தார்கள். கட்டணச் செய்திகள் தொடர்ந்து வந்து இறங்கின. வாங்கியவர்களில் சிறுவர்கள் கணிசம். புகார் கொடுத்தவர்கள் பெற்றோர். அப்போதைய கண்காணிப்பு அமைப்பான இக்ஸ்டிஸ், இடைநிலை நிறுவனத்துக்கு 40,000 பவுண்டு அபராதம் விதித்தது. நாட்டையே ஆட்டிவைத்த ஒரு வியாபாரத்தில் அந்தத் தொகை எவ்வளவு பெரிது என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1986ல் தோன்றிய அந்த அமைப்பு 2007ல் ஒரு பெயருக்கும் 2016ல் இன்னொரு பெயருக்கும் மாறி, 2025 பிப்ரவரியில் தன் பணியை ஆஃப்காம் ஆணையத்திடம் ஒப்படைத்தது. இத்தனை காலத்தில் விதிகள் படிப்படியாக இறுகின. ஆனால் ஒவ்வொரு விதியும் காசு இழந்தவர்கள் வரிசையில் நின்று கத்திய பிறகே வந்தது.

அமெரிக்காவில் இரண்டு அடுக்கு

அமெரிக்காவில் கதை இன்னும் விசித்திரம். அங்கே சாதாரணக் குறுஞ்செய்திக்கே அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தனித்தனியாகக் கட்டணம் கட்டினார்கள். 2005க்கும் 2008க்கும் இடையில் நான்கு பெரிய நிறுவனங்களும் செய்திக்கு 10 சென்ட் என்பதை 20 சென்டாக உயர்த்தின. செனட்டர் ஹெர்ப் கோல் 2008 செப்டம்பரில் நான்கு நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதி விளக்கம் கேட்டார். அடுத்த ஆண்டு செனட் விசாரணையில் சாட்சியம் அளித்த வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்ரீனிவாசன் கேசவ், ஒரு செய்தியைக் கொண்டுசேர்க்க நிறுவனத்துக்கு ஆகும் செலவு 0.3 சென்டைத் தாண்ட வாய்ப்பில்லை என்று கணக்குக் காட்டினார். விலையைக் கூட்டுச் சேர்ந்து ஏற்றினார்கள் என்ற வழக்கு பல ஆண்டு நடந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் விலை ஏற்றுவது சட்டப்படி குற்றமல்ல, கூடிப்பேசி ஏற்றியதற்கு ஆதாரம் வேண்டும் என்று சொல்லி, நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் 2015ல் நிறுவனங்களுக்குச் சாதகமாக எழுதினார். தீர்ப்பு வருவதற்குள் வரம்பில்லாத் திட்டங்களும் வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் அந்தக் கட்டணத்தைப் பொருளற்றதாக்கிவிட்டன. வேறு வழி கிடைத்ததும் மக்கள் அதில் போய்விட்டார்கள். வழி கிடைக்கும்வரை, கேட்காமல் வந்த செய்திக்கும் 20 சென்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதன்மேல் இரண்டாவது அடுக்காக வந்தது மூன்றாம் தரப்புக் கட்டணம். காதல் யோசனை, ராசிபலன், நட்சத்திரக் கிசுகிசு என்ற பெயர்களில் மாதம் 9.99 டாலர் பலரது பில்லில் ஏறியது. அவர்களில் ஏராளமானோர் அதைக் கேட்டதே இல்லை. அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 2014ல் தொடுத்த வழக்குகளில் வெளிவந்த விவரங்கள் கவனத்துக்குரியவை. இந்தக் கட்டணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை டி-மொபைல் எடுத்துக்கொண்டது. சில சேவைகளில், ஒரே மாதத்தில் கட்டணம் விதிக்கப்பட்டவர்களில் 40 சதவீதம் வரை பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தும் வசூல் நிற்கவில்லை என்றது ஆணையம். ஏ.டி.அண்ட்.டி. நிறுவனத்துக்கு 2011ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய கட்டணங்கள் பற்றி 13 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. ஒரு கடையில் பத்து வாடிக்கையாளரில் நால்வர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் அந்தப் பொருளை அலமாரியிலிருந்து எடுத்துவிடுவார். தொலைபேசி நிறுவனம் எடுக்கவில்லை. திருப்பிக் கேட்காத மீதி ஆறு பேரிடமிருந்து அதற்குப் பங்கு வந்துகொண்டிருந்தது. ஏ.டி.அண்ட்.டி. 10.5 கோடி, டி-மொபைல் குறைந்தது 9 கோடி, 2015ல் வெரிசான் 9 கோடி, ஸ்பிரிண்ட் 6.8 கோடி டாலர் என நான்கும் சேர்ந்து 35 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டன. அதற்குச் சற்று முன், 2013 நவம்பரில், நன்கொடை போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக இந்தச் சேவையையே கைவிடுவதாகவும் அறிவித்திருந்தன.

நம் பேலன்ஸ் கரைந்த கதை

இந்தியாவில் கைபேசி அறிமுகமானது 1995 ஜூலை 31. அன்று முதல் 2003 வரை உள்ளே வரும் அழைப்புக்கும் நாம் காசு கொடுத்தோம். 2003 மே மாதம் புதிய கட்டண முறை வந்து உள்வரும் அழைப்பு இலவசமானதும் கைபேசி எளியவர் கைக்கும் போனது. பெறுவதற்குக் காசில்லை என்ற நம்பிக்கைதான் அதன் அடித்தளம். அந்த நம்பிக்கையைப் பின்வாசல் வழியாக உடைத்தவை ‘மதிப்புக்கூட்டுச் சேவை’ என்ற பெயரில் வந்த காலர் ட்யூன், ஜோதிடம், ஜோக், கிரிக்கெட் செய்திகள். திரையில் திடீரென்று முளைக்கும் பெட்டியில் தவறி ‘ஓகே’ அழுத்தினால் போதும், பதிவுக்குரலில் வரும் அழைப்பில் ஓர் எண்ணைத் தட்டினால் போதும், சேவை தொடங்கிவிடும். மாதம் பிறந்தால் தானாகவே நீடிக்கும். நம்மில் மிகப் பெரும்பாலோர் ப்ரீபெய்டு வாடிக்கையாளர்கள். மாதக் கடைசியில் வரிவரியாகப் பார்க்க பில்லே கிடையாது. நேற்று இருந்த முப்பது ரூபாய் இன்று இல்லை என்பதுதான் அவர்கள் அறிந்த ஒரே தகவல்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2011ல் சில கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. சேவையை நிறுத்த 155223 என்ற பொது எண்ணையும் தந்தது. அது போதவில்லை என்று கண்டு 2013 ஜூலை 10ஆம் தேதி இரட்டை உறுதிப்பாட்டைக் கட்டாயமாக்கியது. வாடிக்கையாளர் ஒருமுறை சம்மதித்தாலும் போதாது. கட்டணம், காலம், நிறுத்தும் முறை ஆகியவற்றைச் சொல்லி மறுபடி கேட்டு, அவர் மறுபடி சம்மதித்தால்தான் சேவை தொடங்க வேண்டும். பேரிங் தபாலில் வாசலிலேயே இருந்த கேள்வி, கைபேசிக்கு வந்துசேர இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அது முதல் வாசலை மட்டும் காவல் காக்கிறது. மாதாமாதம் நீடிக்கும்போது மறுபடி கேட்கும் கடமை, சம்மதத்தை நிரூபிக்கும் பொறுப்பு, பங்கு வாங்கும் நிறுவனத்தின் லாப நோக்கு ஆகியவை அந்த விதிக்கு வெளியே நின்றுவிட்டன.

எதிர்வாதங்கள்

‘நீங்கள்தானே சம்மதித்தீர்கள், எங்களிடம் பதிவு இருக்கிறது’ என்பது நிறுவனங்களின் முதல் வாதம். சம்மதத்தின் சாட்சியம் யார் கையில் இருக்கிறது என்பதே இங்கே கேள்வி. விற்கிறவரின் கணினியில் இருக்கும் ஒரு வரியை வாங்கியவருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்வது நீதியாகாது. அந்த வரியை மனிதர் யாரும் தொடாமலேயே உருவாக்கவும் முடியும். போனுக்குள் ஒளிந்திருந்து, உரிமையாளருக்குத் தெரியாமல் கட்டணச் சேவைகளில் சேர்த்துவிடும் ‘ஜோக்கர்’ வகைச் செயலிகள் சுமார் 1,700 ஐ நீக்கியதாக 2020 ஜனவரியில் கூகுளே அறிவித்தது. உறுதிப்படுத்தும் செய்தியைப் படித்துப் பதில் போடுவதையும் அத்தகைய செயலியே செய்துவிடும்போது, ‘பதிவு இருக்கிறது’ என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

‘சின்னத் தொகைதானே, இதற்கா இத்தனை சட்டம்’ என்பது இரண்டாவது. தொகை சிறியதாக இருப்பதுதான் இந்த வியாபாரத்தின் முதுகெலும்பு. முப்பது ரூபாய்க்காக வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, அரைமணி நேரம் இசை கேட்டுக் காத்திருப்பவர் எத்தனை பேர்? திருப்பிக் கேட்கும் செலவு தொகையைவிடப் பெரிதாகும்போது இழந்தவர் வாய்மூடிக் கொள்கிறார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கணக்கெழுதுகிறார்கள். கூலிக்குப் போகிறவர் ரீசார்ஜ் செய்த தொகையில் முப்பது ரூபாய் சின்னத் தொகையும் அல்ல.

மூன்றாவது வாதம் கனமானது: வங்கிக் கணக்கும் அட்டையும் இல்லாதவர்கள் சிறு தொகை செலுத்த இது ஒன்றே வழியாக இருந்தது, நல்ல காரியங்களுக்கும் பயன்பட்டது. உண்மை. 2010ல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது ஒரு சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் 10 டாலர் போன் கட்டணத்தில் சேர்ந்து அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனது; அந்த வழியில் 3 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. ஆனால் அங்கே தொகை முதலிலேயே தெரிந்தது, கொடுக்கிறவரே தொடங்கினார், உறுதிப்படுத்திய பிறகே கணக்கில் ஏறியது, ஒருமுறையோடு முடிந்தது, தொலைபேசி நிறுவனங்கள் அதில் பங்கு எடுக்கவில்லை. பழைய பேரிங் தபாலின் மூன்று நிபந்தனைகளும் அதில் பொருந்தியிருந்தன. எனவே அந்த வெற்றி, கட்டுப்பாடு வேண்டாம் என்பதற்குச் சான்றாகாது. கட்டுப்பாடு இருந்தால் இந்த வழி சிறப்பாகவே இயங்கும் என்பதற்குத்தான் சான்று.

நான்காவதாக, அனுப்புகிறவர் கட்டணம் கட்டினாலும் மோசடி நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது. உள்நுழைவுக் குறியீடு கேட்டுப் போலிக் கணக்குகள் குவிந்ததால் குறுஞ்செய்திச் செலவில் ஆண்டுக்கு 6 கோடி டாலர் வீணாவதாக ட்விட்டரின் உரிமையாளர் ஈலான் மஸ்க் சொன்னார். அதன்பின் 2023 மார்ச்சில், சந்தா கட்டாதவர்களுக்கு அந்த வசதியையே ட்விட்டர் நிறுத்திவிட்டது. அந்த முடிவு சரியா என்பது வேறு விவாதம். காசு கொடுப்பவருக்குக் குழாயை மூடும் அதிகாரமும் இருந்ததால் இழப்பு சட்டென்று நின்றது என்பதே இங்கே முக்கியம். மோசடி எப்போதும் பணம் கட்டுகிறவரைத் தேடித்தான் வரும். கட்டுகிறவருக்கு மறுக்கும் வலிமை இருக்கிறதா என்பதில்தான் முடிவு இருக்கிறது.

பெறுவதற்கு மீண்டும் விலை

‘இதெல்லாம் பழைய கதை, ரிங்டோன் காலம் போய்விட்டது’ என்று சொல்லி நகர்ந்துவிடவும் முடியாது. 2018 நவம்பரில் நம் நாட்டுப் பெரிய நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தன: 28 நாளுக்கு 35 ரூபாயாவது போட்டால்தான் இணைப்பு உயிரோடிருக்கும் என்பது அன்றைய கணக்கு. போடாவிட்டால் முதலில் வெளியே போகும் அழைப்பும், சில நாள் அவகாசத்துக்குப் பின் உள்ளே வருவதும் நின்றுவிடும். அழைப்பை ஏற்பதற்கு மட்டும் போன் வைத்திருந்த முதியவர்களுக்கு அது 2003க்கு முந்தைய காலம் திரும்பியது போலத்தான். அப்போதாவது அழைப்புக்கு எண்ணிக் கொடுத்தோம். இப்போது வந்தாலும் வராவிட்டாலும் கொடுக்கிறோம். வங்கி ஓ.டி.பி., ரேஷன் கடைச் செய்தி, எரிவாயு முன்பதிவு என்று அன்றாடமே குறுஞ்செய்தியில் தொங்குகிறது. வங்கி தன் பங்குக்கு அனுப்பும் கட்டணம் கட்டுகிறது. நாம் நம் பங்குக்கு வாங்கும் கட்டணம் கட்டுகிறோம். 2024 டிசம்பரில் டிராய், இணைய வசதி சேராமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள தனித் திட்டங்களைத் தர வேண்டும், சிறப்புத் திட்டங்களுக்கு 365 நாள் வரை காலம் தரலாம் என்று விதியைத் திருத்தியதும் இந்த அழுத்தத்தால்தான்.

இதே நாட்டில் வங்கிப் பணத்துக்கு வேறு நியாயம் நடக்கிறது. அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் தொகைக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கட்டாயமாக்கிய விதிகளின்படி, முதலில் பதிவு செய்யும்போது கூடுதல் உறுதிப்பாடு வேண்டும். ஒவ்வொரு முறை கழிப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். வேண்டாம் என்றால் விலக வழி வைக்க வேண்டும். யூ.பி.ஐ.யில் ஒருவர் இன்னொருவரிடம் பணம் ‘கேட்கும்’ வசதி, ரகசிய எண் போட்டால்தான் பணம் நகரும் என்று இருந்தும், ஏமாற்றுக்காரர்கள் அதைப் பயன்படுத்தியதால் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அதை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. வங்கிக் கணக்கில் இருக்கும் நூறு ரூபாய்க்கு இத்தனை காவல். அதே நூறு ரூபாய் ரீசார்ஜாக மாறிய அடுத்த நொடி, காவல் இளகிவிடுகிறது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. மூன்றாம் தரப்புக் கட்டணம் எல்லா எண்களிலும் பூட்டியே இருக்க வேண்டும். வேண்டுகிறவர் கேட்டால் திறக்கலாம். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஒரு நாள் முன்னதாக, தமிழ் வாடிக்கையாளருக்குத் தமிழில், தொகையோடு அறிவிப்பு போக வேண்டும். பதில் வராவிட்டால் சேவை முடிந்தது என்று கொள்ள வேண்டும். நீடித்தது என்று கொள்ளக் கூடாது. சர்ச்சை எழுந்தால் முதலில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு நிறுவனம் சம்மதத்தை நிரூபிக்கட்டும். திருப்பிக் கொடுத்த தொகையில் தொலைபேசி நிறுவனத்தின் பங்கும் சேர்ந்தே போகட்டும். அப்போதுதான் அது தன் வாசலில் யாரை உள்ளே விடுகிறோம் என்று பார்க்கும். ரிசர்வ் வங்கி அட்டைக்கு எழுதிய விதியை டிராய் பேலன்ஸுக்கு எழுத வேண்டும், அவ்வளவுதான். அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: காரணம் தெரியாமல் பத்து ரூபாய் குறைந்தாலும் விட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியில், எந்த வழியில் சம்மதம் தந்தேன் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் மௌனத்தை அவர்கள் வருமானமாக எழுதிக்கொள்ள விடாதீர்கள்.